சாக்கடைக்கு அரை டிக்கெட்

கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் கூடி நின்றால் உடனே எண்ணத் தொடங்கிவிடுவான். கல்யாணப் பந்தி, கோயில் வரிசை, இழவு வீடு, எதுவும் விலக்கில்லை. என் மாமனார் இறந்த அன்று கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களை நான் எண்ணியதை என் மனைவி பார்த்துவிட்டாள். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

தேனிக்கும் குமுளிக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல் டிக்கெட் கிழித்தவன் நான். அப்போதெல்லாம் மூன்று வயது வரை பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. மூன்று முடிந்தால் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். இந்த விதியைப் போட்ட புண்ணியவானுக்குத் தாய்மார்களைத் தெரியாது. என் பஸ்ஸில் எந்தப் பிள்ளைக்கும் மூன்று முடிந்ததே இல்லை. சின்னமனூரில் ஏறிய ஒரு பையன், 'படியில் நிற்காதே' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டரை வயது என்று அவன் அம்மா என்னிடம் சத்தியம் செய்தார். "அறிவு அவுக அப்பா மாதிரிண்ணே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிடும், சண்டை போடுவேன். சிடுமூஞ்சி கண்டக்டர் என்று அந்த ரூட்டில் எனக்குப் பெயரே உண்டு. அந்தப் பெயரால்தான், எங்கள் சந்துக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோது வசூல் வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். மெயின் தெருவில் நகராட்சி பெரிய குழாய் பதித்து முடித்திருந்தது. எங்கள் சந்து நாலு வீட்டுக்கும் பொதுவான தனிப் பாதை. அதனால் சந்துக்குள் போடும் குழாய்ச் செலவை நாலு வீடும் பங்கு போட்டுக்கொண்டு தெருக் குழாயில் சேர்க்க வேண்டும் என்றார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

சந்து முகப்பில் அரிசிக்கடை பாய் வீடு. உத்தமபாளையத்துக்காரர். நான் அவரை மாமு என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பெண் கொடுக்கல் வாங்கல் இல்லாமலே மாமன் மாப்பிள்ளைக்குள் வரும் அத்தனை சண்டையும் எங்களுக்குள் வந்திருக்கிறது. அடுத்தது என் வீடு. மூன்றாவது ஏலத்தோட்டக்காரர் வீடு. மலைக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார். வாரம் ஐந்து நாள் குடும்பத்தோடு அங்கே இருந்துவிட்டுச் சனி, ஞாயிறு இங்கே இறங்குவார். மலையாளிகளோடு பழகிப் பழகி, போதும் என்பதற்கு 'மதி' என்பார். அதைத் தாண்டி ஒரு பாழுங்கிணறு, கொஞ்சம் கருவேலம், பிறகு சந்தின் கடைசியில் அக்கா வீடு. கூப்பிடுகிற முறைக்குத்தான் அக்கா, உறவு இல்லை. புருசன் இல்லாதவள். விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புவாள். ஏலத்தோட்டக்காரரின் தோட்டத்தில்தான் வேலை.

மற்ற மூன்று வீட்டிலும் செப்டிக் டேங்க் இருந்தது. அக்கா வீட்டில் கக்கூஸே கிடையாது. டேங்க் தோண்ட இடமும் கிடையாது. குழாய் வந்தால்தான் கக்கூஸ் கட்ட முடியும். கக்கூஸ் வந்தால்தான் மகள் வருவாள் என்பது அவள் நிலைமை. மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தாள். வளைகாப்பு முடிந்து மகளைக் கூட்டிவரப் போனபோது சம்பந்தியம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "எங்க வீட்டுப் பிள்ளையக் கருவேலங்காட்டுக்கு அனுப்ப முடியாது. கக்கூஸ் கட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி தலைப்பிரசவம் இங்கயேதான்." அக்கா வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தாள். ஒரே மகளின் தலைப்பிரசவத்தைப் பார்க்க வக்கில்லாதவளாகிவிட்டேனே என்று என் மனைவியிடம் அழுதாள். அப்போது மகளுக்கு ஏழாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிக்கடை வாசலில் கூடினோம். நாலு வீடு, நாலு பங்கு என்றேன். மாமு மூட்டைமேல் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார்.

"மாப்ள, எங்க வாசலுக்கும் தெருவுக்கும் எட்டு அடி. எட்டு அடிக்கு ஒரு பங்கு, கடைசி வீட்டுக்கும் ஒரு பங்கா? இங்கன ஏறி அடுத்த ஸ்டாப்புல எறங்குறவன்கிட்ட குமுளிக்கு டிக்கெட் போடுவீகளா?"

"உங்க வீட்டுல ஒம்பது பேரு இருக்கீகளே மாமு" என்றார் ஏலத்தோட்டக்காரர். "நாங்க நாலே பேரு. அதுவும் வாரத்துல ரெண்டு நாளு. மிச்ச அஞ்சு நாளும் எங்க கழிவு கேரளாவுலதான்."

எனக்குச் சட்டென்று வழி தெரிந்துவிட்டது. மாமு பஸ் உதாரணம் சொல்லாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. பஸ்ஸில் எப்படியோ அப்படியே இங்கேயும் என்றேன். தூரத்துக்கு ஸ்டேஜ், ஆளுக்கு டிக்கெட். மாமு வீடு ஒரு ஸ்டேஜ், என் வீடு இரண்டு, தோட்டக்காரர் வீடு மூன்று, கிணற்றைத் தாண்டி அக்கா வீடு ஐந்து. மூன்று வயதுக்குக் கீழே சும்மா, பன்னிரண்டு வரை அரை. எல்லாரும் ஆகா என்றார்கள். நானும் என் மூளையை நினைத்துக் கொஞ்சம் கர்வப்பட்டேன்.

ஆகா சொன்ன வாயெல்லாம் அடுத்த நிமிடமே வயதைக் குறைக்க ஆரம்பித்தது. குரல் உடைந்த மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தோட்டக்காரர் அவனுக்குப் பதினொன்று என்றார். மாமு தன் வீட்டில் இரண்டு பேரை உத்தமபாளையத்துக்கு அவர்கள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அந்த இரண்டு பேரும் கடைக்குள் தராசில் ஏறி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸில் கத்துவதுபோலவே கத்தினேன். மாமுவின் பேரப்பிள்ளைகளை அரை அரையாகக் கூட்டி ஏழு டிக்கெட்டில் நிறுத்தினேன். தோட்டக்காரர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் போனால் காரியம் கெடும் என்று அவர் குடும்பத்துக்கே அரை டிக்கெட் போட்டேன். "மதி" என்று உட்கார்ந்தார்.

கடைசியில் அக்காவின் கணக்கு வந்தது. ஆள் ஒன்று. மகள் வந்தால் இரண்டு என்றார் தோட்டக்காரர்.

"அப்ப வயித்துல இருக்கதுக்கு?" என்று மாமு கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

ஜீப்பில் இறங்கினால் இரண்டு வீடு தள்ளியும் ஏலக்காய் வாசம் அடிக்கும் அக்கா, அன்றைக்கு ஞாயிறு என்பதால் குளித்துவிட்டு வந்து ஓரமாக நின்றிருந்தாள். "வயித்துப் பிள்ளைக்கு உங்க பஸ்ஸுல டிக்கெட் கேப்பீகளா தம்பி?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். இரண்டு ஆள், ஐந்து ஸ்டேஜ், பத்து. மாமு வீட்டுக்கு ஏழு. நாலு பேர் உள்ள என் வீட்டுக்கு எட்டு. தோட்டமே வைத்திருப்பவருக்கு ஆறு. அந்தத் தோட்டத்தில் காய் எடுப்பவளுக்குப் பத்து. அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. கணக்கு சரியாக வந்த சந்தோசத்தில் இருந்தேன்.

"சரி தம்பி, டிக்கெட்டைக் கிழிங்க" என்றாள் அக்கா. "ஒம்பதாம் மாசத்துக்குள்ள வேலை முடிஞ்சாச் சரி."

நாலு வீட்டில் முதலில் பணம் வந்தது அவளிடமிருந்துதான், மூன்றே நாளில் முழுதாக. மாமு, நான் உட்பட மற்றவர்கள் தவணை சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள். அடுத்த சீசன் முழுக்க அவருக்கே காய் எடுத்துக் கழிக்க வேண்டும். மகள் பிள்ளை பெற்றுக்கிடக்கும்போது ஒரு நாள்கூட வீட்டில் நிற்க முடியாது.

அன்று சோறு போடும்போது என் மனைவி தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "பெத்த மககூட இருக்கணும்னுதானே அந்த அக்கா இந்தப் பாடு படுது? நீங்க போட்ட டிக்கெட்டுல மக வீட்டுக்கு வந்துரும், அக்கா மலைக்குப் போயிரும். நல்லா ரூட்டு விட்டீக."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. விதி என்றால் விதிதான் என்று இருபது வருடம் கத்தியவனுக்கு, தானே போட்ட விதியில் ஒரு ஓட்டை கூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பங்கைக் குறைக்கிறேன் என்றால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். சும்மா கொடுத்தால் முகத்தில் எறிவாள். என் மனைவிதான் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கையில் வைத்து, "மிச்சம்னு சொல்லிக் குடுங்க. உங்களுக்குத்தான் பொய் சொல்லத் தெரியுமே" என்றாள். எனக்குக் கேட்கத்தான் தெரியும், சொல்லத் தெரியாது.

குழி தோண்டி முடிந்த மறுநாள் அக்காவிடம் போய், "உங்க பக்கம் ஆழம் கம்மிக்கா. கூலி மிச்சமாயிருக்கு" என்று நீட்டினேன். சந்தின் கடைசி மேடு. அங்கேயும் அரிசிக்கடை முன்னால் இருந்த அதே ஆழம்தான். அக்கா பணத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"பஸ்ஸுல கேட்டாலே மிச்சம் தர மாட்டீக. கேக்காமயே தாரீக?"

"நான் அப்படிப்பட்ட கண்டக்டர் இல்லக்கா" என்றேன். எனக்கு வேர்த்துவிட்டது. அவள் எண்ணி வாங்கிக்கொண்டாள். முன்பணம் அன்றே தோட்டக்காரரிடம் திரும்பியது.

குழாய் பதித்தாயிற்று. அக்கா வீட்டுப் பக்கவாட்டில் ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்குக் கக்கூஸும் எழும்பித் தகரக் கதவு மாட்டியாயிற்று. தெருக் குழாயில் சேர்க்க எங்கள் முறை திங்கட்கிழமை என்றார்கள். அதுவரை குழாயின் வாய், மாமு கடை முன்னால் இடுப்பளவு குழிக்குள் திறந்தே கிடந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, குச்சனூரில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார் சம்பந்தியம்மா. காருக்குள் அக்காவின் மகள், நிறைமாதத்துக்குப் பக்கத்தில்.

"பாத்துட்டுப் பிடிச்சிருந்தா இப்பவே விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே சந்துக்குள் நடந்தார். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. நான் பின்வாசல் வழியாக அரிசிக்கடைக்கு ஓடினேன்.

"மாமு, தண்ணி ஊத்திப் பாக்கப் போறாக! குழியில கொட்டுனா திரும்புறப்பப் பாத்துருவாக!"

மாமு ஒரு கேள்வி கேட்கவில்லை. காலியான எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைக் கைலியை மடித்துக் கட்டி, அறுபது வயதில் குழிக்குள் இறங்கிக் குழாய் வாயில் டின்னைப் பிடித்தார். தோட்டக்காரர் கிணற்றடியில் நின்று கையைக் காட்ட, நான் நடுவில் நின்று, பழக்கதோசத்தில் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து இரண்டு ஊதிவிட்டேன்.

"யாரு விசில் அடிக்கிறது?" என்றது சம்பந்தியம்மாவின் குரல்.

"பக்கத்து வீட்டுத் தம்பி. கண்டக்டரு. வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் அக்கா.

ஒரு வாளி வந்தது. மாமு பிடித்தார். இரண்டாவது வாளியும் வந்தது. முடிந்தது என்று மூச்சு விடும்போது தோட்டக்காரர் கிணற்றடியிலிருந்து, "உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாக!" என்றார்.

மாமு குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "மினிமம் டிக்கெட் எடுத்தவனுக்கு இந்த வேலையா மாப்ள?" என்றார். ஆனால் டின்னை விடவில்லை. அன்று அதில் என்ன வந்தது என்பதை மாமு இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. டின்னையும் அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா வெளியே வந்து, "நல்லா வழுவழுன்னு போகுது" என்றார். மருமகளைக் காரிலிருந்து கைத்தாங்கலாக அவரே இறக்கிவிட்டார். திங்கட்கிழமை இணைப்புக் கிடைத்தது. பதினேழாம் நாள் பேரன் பிறந்தான். அக்கா அந்த ஒரு மாதம் மலைக்கே போகவில்லை.

அதன்பின் மூன்று வருடம் ஓடியது. ஒருநாள் தேனியில் என் பஸ்ஸில் அக்கா ஏறினாள். இடுப்பில் பேரன், லீவுக்கு வந்திருந்தான். வீரபாண்டிக்கு ஒன்று என்று சில்லறைக்குக் கை நீட்டினேன்.

"ஒண்ணரை" என்றாள். "நேத்தோட இவனுக்கு மூணு முடிஞ்சுருச்சு."

இருபது வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. கிண்டலாக, "நாளைக்குத்தானே முடியுது, இருக்கட்டும்க்கா" என்றேன்.

"குழாய் சேத்து பதினேழாம் நாளு. உங்களுக்குத் தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கும் ஆழம் கம்மின்னு சொன்னீக. நீங்க வாரதுக்கு முன்னாடியே நான் குழிக்குள்ள எறங்கி முழம் போட்டுப் பாத்துட்டேன் தம்பி."

பஸ் பழனிசெட்டிபட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "அப்ப ஏங்க்கா வாங்குனீக?" என்றேன்.

"எம் மககூட இருக்கணும்ல" என்றாள். "அது அவளுக்கு. இது இவனுக்கு. கிழிங்க."

கிழித்தேன். மிச்சச் சில்லறையை எண்ணி அவள் கையில் வைத்தேன். அவளும் ஒருதடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்தாள்.