ஆடி முடியட்டும் என்றேன்

போன வருடம் வைகாசி மாதக் கடைசி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. ஓட்டிப் பார்ப்பதற்காக ஷோரூமிலிருந்து அனுப்பியிருந்த மின்சாரக் கார், அதுவும் உயர்ந்த ரகம். மாதச் சம்பளத்தில் வாழ்ந்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி இல்லை அது. மாடிக்காரர்கள் எல்லோரும் பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

எனக்குக் கார் பைத்தியமெல்லாம் கிடையாது. என் மனைவிக்காகத்தான் அந்த யோசனையே வந்தது. ஐந்து வருடம் அடங்கிக் கிடந்த புற்றுநோய் அவளுடைய முதுகெலும்பில் திரும்பி வந்திருந்தது. வாரத்தில் மூன்று நாளாவது தில்லை நகரில் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காவிரியைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான். ஆனால் எங்கள் பழைய பெட்ரோல் காரில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். கத்த மாட்டாள். “ஒண்ணுமில்ல, நீங்க ஓட்டுங்க” என்பாள். பெட்ரோல் வாடை வேறு குமட்டும். வாடகைக் காரில் கூட்டிப்போனால் உள்ளே வைத்திருக்கும் வாசனைப் புட்டி அதைவிட மோசம்.

இதையெல்லாம் போனில் கேட்டுக் கேட்டு, பெங்களூரில் இருக்கும் மகள்தான் சொன்னாள். மின்சாரக் காரில் இன்ஜின் அதிர்வு இல்லை, புகை வாடை இல்லை. உயர்ந்த ரகம் என்றால் சக்கரங்களுக்கு மேலே காற்றுப் பை இருக்கிறது, பள்ளத்தில் இறங்கினாலும் அவ்வளவாகத் தெரியாது, அம்மாவுக்காக அதை வாங்குங்கள் என்றாள். லால்குடிப் பக்கம் எங்கள் பங்கு நிலத்தை விற்ற பணம் வங்கியில் சும்மாதான் கிடந்தது. ஆக, வாங்க முடியாமல் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வசதி இல்லாமல் போயிற்று என்று சொல்லி என்னால் தப்பித்துக்கொள்ள முடியாது.

வண்டியை ஓட்டி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான மனிதர். அதிகம் பேசாதவர். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். முன் இருக்கையைப் பின்னால் சாய்த்து என் மனைவியை உட்கார வைத்தார். மாம்பழச் சாலை தாண்டிப் பாலத்தில் ஏறியபோது அவளுடைய கை மடியில் கிடந்தது. மேலே இருந்த கைப்பிடியை அவள் தேடவே இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது பார்த்தேன். தூங்கிப் போயிருந்தாள்.

படுக்கையிலேயே தூக்கம் வராமல் இரண்டு மாதமாகத் தவித்தவள் அவள். மருத்துவமனை வரை போய்த் திரும்பி, ஸ்ரீரங்கத்தை நெருங்கும்போது அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். “அம்மா தூங்குறாங்க சார். எழுப்ப வேணாம். இன்னும் கொஞ்ச தூரம் சுத்திட்டு வரேன்.” அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்து வைத்தார். கொள்ளிடம் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் வரை போய், திரும்பி, மறுபடியும் போனார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் பின் இருக்கையில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏசி போட்டால் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் குறையும், பேட்டரி எத்தனை வருடம் வரும், மழைநீர் புகுந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் ரகசியக் குரலில் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வந்து நின்றதும்தான் கண் விழித்தாள். “வந்துட்டோமா?” என்று கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏங்க, இதையே வாங்கிடுங்க” என்றாள். முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் எனக்கு இது வேண்டும் என்று கேட்ட பொருள் வேறு எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

அடுத்த நாளே வாங்கியிருக்க வேண்டும். மனுஷனாக இருப்பவன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் நான் முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நான்கு கம்பெனிகளின் வண்டிகளை ஒரே தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். யூடியூபில் யார் யாரோ வடக்கத்தியர்கள் பேசியதையெல்லாம் இரவு பகலாகக் கேட்டேன். இன்னும் கூடுதல் தூரம் ஓடும் புது மாடல் வரப்போகிறது என்று ஒருவர் சொன்னதை நம்பி மூன்று வாரம் பொறுத்தேன். எங்களுக்குத் தேவைப்பட்டது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்வருகிற தூரம். நான் கவலைப்பட்டது ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுமா என்று.

பிறகு சார்ஜ் போடும் இணைப்புக்குக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டுமே என்ற கவலை. யாராவது ஆட்சேபம் சொல்வார்கள் என்று நானே முடிவுகட்டி, மின்சார விதிகளையெல்லாம் இணைத்து ஒரு மனு தயார் செய்தேன். அதற்குப் பத்து நாள். கடைசியில் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தப் பெரியவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு காகிதம்? உங்காத்து மாமிக்காகத்தானே. நாளைக்கே வயர் இழுத்துக்கோங்கோ” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தப் பத்து நாளில் அவளை அதே பழைய காரில் நான்கு முறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்திருந்தேன்.

ஆனி முடிகிற நேரத்தில் ஒருவழியாகப் பணம் கட்டினேன். வண்டி தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஷோரூமிலிருந்து கூப்பிட்டபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

நாள், நட்சத்திரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் கல்யாணத்தில் ராகு காலத்தைப் பற்றிக் கிண்டலடித்துத் திட்டு வாங்கியவன் நான். ஆனால் அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துவிட்டேன். ஆடியில் வண்டி எடுத்து, அதில் இவளைக் கூட்டிப்போய், ஏதாவது ஆகிவிட்டால்? இவளுக்காக வாங்குகிற வண்டி, இவளுக்கு ஆகாமல் போய்விட்டால்? ஆவணி முதல் தேதி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆடி முடியட்டும், ஒரு மாதம்தானே என்று அவளிடம் சொன்னேன். படுத்திருந்தவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “வலி ஆடியிலயும் வலிக்குதுங்க.”

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆடிப்பெருக்கன்று காலை அவளுக்கு வலி தாங்க முடியாமல் போயிற்று. மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை. பழைய காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அன்று ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிப் படித்துறைக்கு, அம்மா மண்டபத்துக்குப் போகும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. போலீசார் வண்டிகளைத் தெருக்களுக்குள் திருப்பிவிட்டார்கள். குழாய் பதிக்கத் தோண்டி, சரியாக மூடாமல் விட்ட தெரு. பெண்கள் புதுத் தாலிக் கயிறும் பூவுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு காரை உரசியபடி நடந்தார்கள். நான் அவ்வளவு மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனாலும் ஒரு பள்ளத்தில் சக்கரம் தொப்பென்று இறங்கியது. அப்போது அவள் கத்தினாள். அவ்வளவு நாள் வெளியே வராத குரல் அது. வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

எலும்பு உடைந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஏற்கெனவே அரித்துப்போன எலும்பு, படுக்கையில் திரும்பிப் படுத்திருந்தால்கூட உடைந்திருக்கும், உங்கள் மீது தவறில்லை என்றார் டாக்டர். அவர் நல்லவர், அப்படித்தான் சொல்வார். அதன் பிறகு அவள் எழுந்து உட்காரவே இல்லை. ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஆவணி முதல் தேதி, சொன்னபடி கார் வந்தது. அவளை விட்டு நகர முடியாததால் வீட்டுக்கே அனுப்பச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர் அதே மனிதர். சாவியைக் கொடுத்துவிட்டு, அம்மா வரவில்லையா என்று ஆவலாகக் கேட்டார். உள்ளே அழைத்துப்போய்க் காட்டினேன். கட்டிலின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். அவள் மயக்கத்தில் இருந்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “அன்னைக்கே வண்டிய இங்க விட்டுட்டுப் போயிருக்கலாம்னு தோணுது சார்.” அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்றரை மணி நேரம் பழகிய மனிதருக்குத் தோன்றியது, முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

விற்றுவிடுங்கள் என்று மகள் சொல்கிறாள். முடியவில்லை. வைத்துக்கொண்டும் வாழ முடியவில்லை. வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டு, துடைத்து, மூடி வைக்கிறேன். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூன்றாவது மாடிக்காரர் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப்போக முடியுமா என்று கேட்டார். போனோம். திரும்பி வந்து வாசலில் இறங்கும்போது, “குலுங்கவே இல்ல சார், எப்படி வந்தோம்னே தெரியல” என்று மனம் நிறைந்து சொன்னார். அவரை லிஃப்ட்டில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காருக்குள் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. உள்ளே சத்தம் போட்டால் வெளியே கேட்காத வண்டி அது.

தவறு செய்கிறவர்கள் தெரியாமல் செய்ததாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது. குறையே இல்லாத வண்டியை நான் தேடிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அவள் என் பக்கத்து இருக்கையில் வலியோடு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஓட்டினேன்.