வெடித்த காய்க்கு அர்த்தம்

பிளஸ் டூ முடித்துக் கல்லூரி திறக்கும்வரை, போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கப் போனேன். போனை வாசலிலேயே வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள். உள்ளே பேசவும் கூடாது. ஆளுக்கொரு சொளகும் ஒரு குவியலுமாகப் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எல்லோருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். திரண்ட பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது கழிவுக் கூடைக்கு. எனக்குக் கை வேகம் என்று கர்வம் உண்டு. முதல் நாளே ஒரு மணி நேரத்தில் எல்லோரையும் முந்திவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் என் சொளகில் ஒரு வெடித்த காயைப் போட்டாள். கை தவறி விழுந்ததென்று நினைத்துக் கழிவில் எறிந்தேன். மறுபடியும் ஒன்று. அதையும் எறிந்தேன். மூன்றாவது விழுந்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தன் குப்பையை என் தலையில் கட்டப் பார்க்கிறாளே என்று அவளை முறைத்துவிட்டுத்தான் எறிந்தேன். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் வந்த கங்காணியக்கா, "உன் குவியல் மட்டும் ஏன் அப்படியே கெடக்கு?" என்று அவளைத்தான் திட்டினார்.

மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் நகர்ந்து எனக்கு இடம் விடவில்லை. சுவரோரம் தனியாகப் புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அழுகை வந்தது, மறைப்பானேன். கை கழுவ எழுந்த ஒருத்தி என் முன்னால் நின்றாள்.

"ஏம்புள்ள, வெடிச்ச காயப் போட்டா அவளுக்குத் தூரம், வயித்து வலின்னு அர்த்தம். அவ குவியல்ல ரெண்டு கை அள்ளிக்கிறணும். நீ என்னடான்னா மூணு தடவையும் தூக்கி எறியிற."

"கங்காணியக்காவுக்கு இது தெரியாதா?"

"அவுக பாத்தாலும் காய் பொறுக்குறோம்னுதான நெனப்பாக."

மத்தியானம் அவள் குவியலில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. என்னைச் சேர்த்துக்கொண்டார்களா, போனால் போகிறதென்று விட்டார்களா? அன்றிரவு படுத்தும் அதே யோசனைதான்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. ஒரு வெடித்த காயை எடுத்து அவள் சொளகில் போட்டேன். எனக்கு வயிறு வலிக்கவே இல்லை. அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் எட்டி ஒரு கை அள்ளினாள். பொய் சொல்லிவிட்டோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.