காஜா பார்த்துக் குடிவைப்பவர்

மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தவர் அழைப்பு மணியிலிருந்து கையை எடுப்பதற்குள் தையல்காரர் மூக்குக்கண்ணாடி வழியே அவருடைய காலரைப் பார்த்து முடித்திருப்பார். அடுத்து, பட்டன் நுழையும் காஜா. அதற்கடுத்து கால்சட்டையின் கீழ்மடிப்பு. என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மடிப்பு ஒரு நூல் ஏறியிறங்கி இருந்தால் போதும், "சொல்லி அனுப்புறேன்" என்று கதவைச் சாத்திவிடுவார். சொல்லி அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது.

கண் மங்கிக் கடையை மூடிய பிறகு மாடி வாடகையில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. மழைக்காலம் முழுக்க மாடி காலி. மனைவி அரிசி டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறாள்.

"ஏங்க, குடிவரப்போறது ஆளா, சட்டையா?"

"ஆளு பொய் சொல்லுவான். தையல் சொல்லாது."

கடைசியாகக் குடியிருந்தவரின் சட்டையில் காஜா முழுக்கக் கைவேலை. அதில் சொக்கிப்போன தையல்காரர், அவர் முன்பு இருந்த வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அந்த மனிதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். கூடவே மின்விசிறியும் போயிற்று, குளியலறைக் குழாயும் போயிற்று. இவருக்கானால் இன்னும் முழுசாகக் கோபம் வரவில்லை. "எடுத்தது எடுத்தான், ஆனா அந்தக் கைவேலை இருக்கே..." என்று ஆரம்பிப்பார். மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பட்டன் அறுந்த சட்டையோடு வந்து, இவர் திருப்பி அனுப்பிய லாரி ஓட்டுநர் எதிர்வீட்டுக்குக் குடிபோனார். போன சூட்டோடு அந்த வீட்டு கேட்டுக்குத் தன் கையாலேயே வர்ணம் பூசினார். அந்தப் பக்கத்து ஜன்னலைத் தையல்காரர் இப்போதெல்லாம் திறப்பதில்லை.

நேற்று வந்தவள் ஒரு நர்ஸ். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சீருடையின் ஓரம் பிரிந்து ஓர் ஊக்கில் தொங்கியது.

"தண்ணி ஒழுங்கா வருமாங்க? சுவர்ல ஓதம் இருக்கா? பழைய வீட்டுக்காரர் நம்பர் தரேன், என்னைப் பத்தி நீங்களே கேட்டுக்கங்க."

இவர் கேட்டிருக்க வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிட்டாள். அவர் பார்வை மட்டும் ஊக்கை விட்டு நகரவில்லை. வாய் வழக்கமான பதிலுக்குத் தயாரானது. உள்ளே மனைவி காலி டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது.

தையல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஊக்கு, ஓரம், சீருடை எல்லாம் ஒரே வெள்ளையாகக் கலங்கிப்போயின.

"வாம்மா, மாடியைப் பாத்துடலாம்" என்றபடி, படி தெரியாமல் கைப்பிடியைத் தடவித் தடவி முன்னால் ஏறினார்.