மூணாவது எப்பவுமே வம்பு

ஜன்னலோர மேசை, பூட்டும் சாவியுமாக ஓர் அலமாரி, தூசி புகாத கதவு, அந்தக் கதவைத் தட்டாமல் முதலாளியே உள்ளே வரக் கூடாது என்ற சட்டம். லாரிப் பட்டறையில் ஏழு வருஷம் மல்லுக்கட்டி இத்தனையையும் வாங்கியவள், இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆறு கண்ணாடிக் குழாய்களின் முன் குனிந்து நிற்கிறாள். சோதனை மேசையில் சுழலும் டீசல் பம்பு ஆறு குழாய்களையும் நிரப்புகிறது. ஐந்தில் டீசல் ஒரே மட்டம். "மூணாவது எப்பவுமே வம்பு," என்று முனகியபடி ஓட்டத்தை நிறுத்தி, பம்பின் வயிற்றுக்குள் எதையோ மயிரிழை அளவு திருப்புகிறாள். மறுபடி ஓட்டம். மறுபடி ஒற்றைக் கண்.

பட்டறையில் அவள் பெயர் 'சொட்டு'. "ஒரு சொட்டு கூடுது", "ஒரு சொட்டு குறையுது" என்று அவள் சொல்லாத நாளில்லை என்பதால் டிரைவர்கள் வைத்தது. வெளியே இன்ஜின் பிரிக்கும் அவளுடைய அண்ணனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. இப்போது அவரே, "சொட்டு, அடுத்தது வந்தாச்சு," என்றுதான் பம்பைக் கொண்டுவந்து வைக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். உதிரிப் பாகம் கழுவத்தான் தங்கையை அழைத்து வந்தார். கழுவியதை எல்லாம், கழற்றிய வரிசை பிசகாமல் துணியில் அடுக்கி வைத்தாள். இவள் கழுவுவதோடு நிற்கமாட்டாள் என்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கை கழுவாமல் பம்பைத் தொடமாட்டாள். நூல் பிரிகிற துணி அவள் அறைக்குள் வராது. எந்த லாரி வந்தாலும் அதன் டாங்கிலிருந்து ஒரு பாட்டில் டீசல் பிடித்து ஜன்னலில் தெளிய வைப்பாள். அடியில் தண்ணீர் தங்கினால் டிரைவருக்கு அர்ச்சனை உண்டு.

"இந்தப் பம்பு எத்தன நாள் தாங்கும்?" என்று கேட்காத டிரைவர் இல்லை. உடனே நோட்டைப் புரட்டுவாள். அவள் கைப்பட்டுப் போன பம்புகள் எத்தனை கிலோமீட்டர் ஓடித் திரும்பின என்பது அதில் இருக்கிறது. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியதும் உண்டு. அதே வகைப் பம்பு எண்பதாயிரத்தில் சுருண்டதும் உண்டு. "வயசாகி எந்தப் பம்பும் சாகலண்ணே. நல்ல டீசல் குடுத்தா அஞ்சு லட்சம் ஓடும். தண்ணியும் மண்ணும் குடுத்தா அஞ்சாயிரம்கூடத் தாண்டாது."

அவள் வாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. சரிபார்த்த பம்பில் கட்டும் அட்டையில் எண், அளவு எல்லாம் அவள் எழுத்து. கையெழுத்து மட்டும் முதலாளியுடையது. "உன் பேரப் பாத்தா வாங்கிட்டுப் போக யோசிப்பாங்கம்மா," என்பது அவர் கட்சி.

போன ஜூனில் ஒரு பம்பு திரும்பி வந்தது. மூவாயிரம்கூட ஓடவில்லை. மீசைக்காரர் ஒருவர் லாரியை நிறுத்திய கையோடு கத்தினார். "மேடு ஏற மாட்டேங்குது, புகையாக் கக்குது! பொம்பளப் புள்ளைகிட்ட குடுத்தா இப்படித்தான்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "போன மாசமே ஒண்ணு திரும்புச்சு. இதுவும் உன் வேலைல கோளாறுன்னா, மேசைக்கு வேற ஆளத்தான் போடணும்மா."

அந்தப் பம்பை முன்பு லாரியில் மாட்டியவர் அண்ணன். தான்தான் எங்கோ கோட்டை விட்டோமோ என்று, அதைக் கழற்றும்போதே ஒவ்வொரு நட்டையும் தடவிப் பார்த்தார். அவள் பம்பைப் பிரித்தாள். உள்ளே உருளைகளில் கோடு கோடாகக் கீறல். ஜன்னல் பாட்டிலைப் பார்த்தாள். டீசல் பளிங்கு மாதிரி இருந்தது.

"பாத்தியா? பில்டரும் போன வாரந்தான் புதுசு. என் கையால மாத்தினேன்," என்றார் மீசைக்காரர்.

"நீங்களேவா? எப்படி மாட்டுவீங்கண்ணே? ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. உங்க வண்டி கேனையே எடுத்துட்டு வாங்க."

அவள் கொடுத்த புது பில்டரை அவர் பெருமையாக வாங்கிக்கொண்டார். "காத்து புடிச்சா ஸ்டார்ட் ஆகாதுல்ல? அதான் டீசல ரொப்பிட்டு மாட்டுவேன். இருபது வருஷப் பழக்கம்." சொல்லிக்கொண்டே நடுவிலிருந்த பெரிய துளையில் கேனைச் சாய்த்தார்.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. சுற்றியுள்ள சின்னத் துளைகளில் நுழையும் டீசல், வடிகட்டித் தாளைத் தாண்டிச் சுத்தமாக வெளியேறும் வழி அந்த நடுத்துளை. அதில் ஊற்றினால் வடிகட்டாமல் நேரே பம்புக்குப் போகும். கேனில் மிச்சமிருந்ததை அவள் வெள்ளைத் துணியில் வடித்தாள். பொடி மணல் கறுப்பாகத் தங்கியது.

மீசை தொங்கிவிட்டது. "அக்கறையாத்தானே செஞ்சேன்?"

"ரொம்ப அக்கறையாச் செஞ்சிருக்கீங்க. ஓட்டைதான் தப்பு."

"அப்ப இருபது வருஷத்துல எத்தன பம்பக் கொன்னிருப்பேன்?"

"ஏழு வருஷத்துக்கு நோட்டு இருக்கு. பாத்துச் சொல்லவா?"

"வேண்டாம் தாயி!" என்று அவர் கும்பிட, முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பம்பு தயார். மீசைக்காரர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். முதலாளி வழக்கம்போல அட்டையை எடுத்ததும் மீசைக்காரர் தடுத்தார். "நீங்க எதுக்கு சார்? மேசைல நின்னவங்க போடட்டும்."

முதலாளி பேனா மூடியைக் கழற்றினார். பிறகு அவளிடம் நீட்டினார்.

அவள் போய்க் கை கழுவி வந்தாள். அவசரமில்லாமல் முழுப் பெயரையும் எழுதினாள். அட்டையைத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி எழுத்துகளின் மட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது எழுத்து ஒரு சொட்டு தூக்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே தேதியைப் போட்டாள்: ஜூன் 17, வெள்ளிக்கிழமை.