பிள்ளைகள் கையில் மைக் கொடுக்கும் உத்தியோகம்

இளைஞர்களை உள்ளாட்சியில் பங்கேற்க வைப்பதுதான் என் உத்தியோகம். நடைமுறையில் அது, வருவார்களா மாட்டார்களா என்று தெரியாத பிள்ளைகளுக்குப் பீட்சா வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிற வேலை. மெல்பர்னுக்கு மேற்கே, வெரிபீ ரயிலில் போய்வருகிற தூரத்தில், பெயரைச் சொன்னால் வேலை போய்விடக்கூடிய ஒரு கவுன்சிலில் இருக்கிறேன். சங்கத்துக்குக் கூட்டம் கூட்டி, காலி நாற்காலிகளுக்கு வரவேற்புரை வாசித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஆள் பிடித்தல்

கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்ல ஓர் இளைஞர் குழு அமைக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்றவர்களிடம் துண்டறிக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து வந்த ஜெசிந்தா அன்ரி, மகள் மெலனியோடு நின்றார். மெலனிக்குப் பதினாறு வயது. துண்டறிக்கையை அவள் ஆர்வமாகப் படித்தாள். அன்ரிதான் விசாரித்தார்.

"இதில சேர்ந்தா யூனிவர்சிற்றிக்குப் போக மார்க்ஸ் ஏதும் கூடுமோ, தம்பி?"

"மார்க் கிடைக்காதுங்க. ஆனா ஒரு அரசாங்கம் எப்படி நடக்குதுன்னு பிள்ளை தெரிஞ்சுக்கலாம்."

அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அரசாங்கம் எப்பிடி நடக்கும் எண்டு தெரிஞ்சுதானே, தம்பி, நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்!"

குரல் கேட்க வந்தவர்

அப்படியும் மெலனி வந்தாள். கோயம்புத்தூர்க்கார ஐ.டி. தம்பதியின் மகன் கார்த்திக்கும் வந்தான். பீட்சாவுக்காகத்தான் வந்ததாக அவனே ஒத்துக்கொண்டான். முதல் கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலரை அழைத்திருந்தேன். "உங்கள் குரலைக் கேட்கவே வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தவர், தன் இளமைக்காலம், கால்பந்து, கழிவுநீர்க் குழாய் என்று போய்க்கொண்டே இருந்தார். பீட்சா ஆறி அட்டையாகிவிட்டது.

கார்த்திக் கையைத் தூக்கினான். கேள்வி வந்ததில் கவுன்சிலருக்கு ஏக மகிழ்ச்சி. அவன் ஆங்கிலத்தில், மிகவும் பணிவாகக் கேட்டான்: "நாங்க எப்போ பேசணும்னு சொன்னீங்கன்னா, அதுக்குள்ள ஹோம்வொர்க்கை முடிச்சுடுவேன்."

யாருடையது?

குழுவின் முதல் கோரிக்கை, புதுக் குடியிருப்பில் இருக்கிற பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரை. நிறுத்தம் என்றால் ஒரு கம்பம், அவ்வளவுதான். மரம் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. கோடையில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அங்கே வெந்துகொண்டு நிற்கும். ஒரு சின்னப் பெண் மயங்கியே விழுந்திருக்கிறாள்.

நான் விசாரித்து வந்து விளக்கினேன். பஸ் மாநில அரசின் பொறுப்பு. கம்பம் பஸ் கம்பெனியுடையது. நடைபாதை நம்முடையது. பக்கத்துப் புல்தரை இன்னும் வீடு கட்டி விற்றவர்களிடம்தான் இருக்கிறது. மெலனி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழக்கமாக ஆங்கிலம் பேசுகிறவள், சுத்தத் தமிழில் கேட்டாள்: "அப்ப வெயில் ஆருடையது, அங்கிள்?"

இளைஞர் அலுவலரை அங்கிள் என்றாளே என்று வருத்தப்படக்கூட எனக்கு நேரமில்லை. கேள்வியை அப்படியே என் மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவள் சொன்னாள்: "நல்ல கேள்விதான். அதை ஏன் என்கிட்ட கொண்டு வர்றே?"

இடத்தைப் பார்வையிடல்

பொறியியல் பிரிவுத் தலைவர் பீட்டர் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். பிள்ளைகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: எங்களோடு பஸ் வரும்வரை நிற்க வேண்டும். நல்ல உச்சி வெயில். பீட்டர் கோட்டைக் கழற்றினார், டையைத் தளர்த்தினார், கையிலிருந்த ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்தார். பஸ் வரவில்லை. மெல்ல நகர்ந்து, அந்தக் கம்பத்தின் விரல் அகல நிழலில் மூக்கை மட்டும் நுழைத்துக்கொண்டார்.

இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கார்த்திக் பின்னாலிருந்து சொன்னான்: "பீட்டர், அந்த நிழலுக்கு வரிசை இருக்கு."

மூன்று நிமிடம்

கவுன்சில் கூட்டத்தில் பேச மெலனிக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். மயங்கி விழுந்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஒரு கவுன்சிலர், "பிள்ளைகள் குடை கொண்டு போகலாமே?" என்றார். "உங்கள் கார் நிற்கிற இடத்துக்குக் கூரை போட்டிருக்கிறீர்கள். நாங்கள் காரைவிடச் சின்னவர்கள், செலவு குறையும்" என்றாள். சபை சிரித்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிரூட்டியின் மேல் பழியைப் போட்டேன்.

ஜெசிந்தா அன்ரி கதவோர நாற்காலியில், கார்ச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்தார். "பெரிய ஆக்களைப் பார்த்து இப்பிடிக் கதைச்சிட்டாள். நாளைக்கு ஒருத்தரும் வீடு தேடி வரமாட்டினம்தானே?"

"வந்தா ஓட்டுக் கேட்டுத்தான் வருவாங்க அன்ரி. பயப்படாதீங்க."

அன்ரி நீளமாக மூச்சு விட்டார். கார்ச் சாவியைப் பையில் போட்டார். "அப்பிடியெண்டா சரி. அடுத்த முறை நானும் கதைக்கிறன். எங்கட றோட்டில லைற் எரியிறேல்லை."

திறப்பு விழா

கூரை வந்தது. உடனே இல்லை; மண் பரிசோதனை, புல்தரைக்காரரின் சம்மதம் எல்லாம் முடிந்து ஒருநாள் வந்தது. ரிப்பன் கட்டினோம். குடை யோசனை சொன்ன கவுன்சிலர்தான் வெட்டினார். அதற்குள் பதினெட்டு வயதாகிவிட்ட மெலனி புத்தம் புது லைசென்ஸோடு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். தெரு முழுக்க எங்கள் கார்கள்தான். ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது, அதிசயமாக, பஸ் நேரத்துக்கு வந்து நின்றது.

கதவு திறந்தது. டிரைவர் பஞ்சாபிக்காரர். கூட்டத்தைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தது. ஒருவரும் அசையவில்லை. அவர் எங்களையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை பேர் நிக்கறீங்க, ஒருத்தர்கூட ஏறலையா?"

எங்கள் தொழிலில் கேட்டது கண்டிப்பாகக் கிடைக்கும். என்ன, அது கிடைக்கிற நேரத்தில் கேட்ட பிள்ளைக்கு லைசென்ஸ் வந்திருக்கும்.