வயர்லெஸ்ஸில் கேட்ட மூச்சு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாறு வருடமாகக் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறேன், கடலில் அப்படி ஒன்றையும் பார்த்ததில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன்.

என் மகன் ஜோயலுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். சளி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மூச்சுக்குழாயே பிறவியில் குறுகல், நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று வழிமாறி வந்து அதைப் பின்னாலிருந்து வளைத்து நெரிக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் அடுத்த வாரம். அதற்குள் ஒரு தடவை கடலுக்குப் போய்வந்துவிட்டால் பிறகு கூடவே இருக்கலாம் என்று, அவனையும் என் மனைவி ஸ்டெல்லாவையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

மூன்றாம் நாள், நல்ல வெயில், காலை பத்து மணி இருக்கும். வலையை இறக்கிவிட்டு கேபினில் உட்கார்ந்திருக்கிறேன், வயர்லெஸ்ஸில் வழக்கமான இரைச்சலுக்கு நடுவே அதே விசில். இழுக்கிறது, நிற்கிறது, மறுபடி இழுக்கிறது. எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். படகை ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணி மாமா திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, கொய்ந்த வீடியோவா?" என்றார். என் போன் சார்ஜ் இல்லாமல் பையில் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. பிறகு கேட்டது வெறும் மூச்சு. தடையே இல்லாமல், நன்றாகத் தூங்குகிற பிள்ளை விடுகிற மாதிரி. ஜோயல்தான், எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாமா சிரித்தபடி, "தூங்கிட்ச்சு பாரு" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் போய் எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு மூச்சு இருக்கும். அப்புறம் இரைச்சல்தான்.

மறுநாள் கரை சேர்ந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி நின்றிருந்தான். "எத்தினி தபா போன் போட்டோம் மாமா, லைனே கெடைக்கல" என்றான். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஜோயலுக்குத் திடீரென்று மூச்சு அடைத்துக்கொண்டதாம், டாக்டர்கள் குழாய் போடப் பார்த்தார்களாம், உள்ளே இறங்கவில்லையாம்.

ஸ்டெல்லாவிடம் இதுவரை இதைச் சொல்லவில்லை. வேறு ஏதோ படகில் யாராவது மைக்கை அழுத்திப் பிடித்தபடியே தூங்கியிருப்பார்கள் என்கிறார் அந்தோணி மாமா. இருக்கலாம். அந்த விசிலை ஐந்து மாதம் கேட்டவன் நான், அதை அடையாளம் கண்டதில் அதிசயமில்லை. ஆனால் விசில் இல்லாத அவன் மூச்சை நான் ஒருநாளும் கேட்டதே கிடையாது. பிறகு எப்படி, கேட்ட நொடியிலேயே, என் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது?