பச்சைக் குவளை

சபை ஊழியத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்குச் சென்ற எனக்கும், மணிலாவிலிருந்து வந்த லில்லிக்கும் ஒரே தேயிலைத் தோட்டத்தை ஒதுக்கியிருந்தார்கள். நான் சமூகப்பணி படித்தவள். தமிழ் என் தாய்மொழி. லில்லி தட்டுத்தடுமாறித்தான் தமிழ் பேசுவாள். ஆயினும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அவளுக்கே வரவேற்பு. தோட்டத்தில் வேலை செய்யும் சரசக்கா எனக்குத் தங்கவிளிம்புக் கோப்பையில் தேநீர் தருவார். லில்லிக்கு, வீட்டார் குடிக்கும் பச்சைப் பிளாஸ்டிக் குவளையில். அந்தக் குவளைமீது நான் பொறாமைப்பட்டேன்.

"உங்களில் ஒருவர் பிரிஞ்சாங் ஊர்ச் சபைக்கு மாற வேண்டும். யாரென்று நீயே சொல்," என்றார் எங்கள் போதகர். தோட்டத்தில் நானே இருப்பதென்று மனத்துக்குள் முடிவுசெய்து, அன்று மாலை வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, சரசக்கா வீட்டுக்குத் தனியாகப் போனேன்.

அவர் அலமாரியைத் திறந்து கோப்பையை எடுத்தார்.

"பச்சைக் குவளையிலயே குடுங்கக்கா."

"அது லில்லியோடது லா. வந்து சண்டை போடுவா," என்று சிரித்தார். "நீங்க வரீங்கன்னா நான் வீட்டைக் கூட்டி வெக்கணும், சிஸ்டர். அவ வந்தா தொடப்பத்த அவ கையிலயே குடுத்துருவேன்."

நான் தரையைப் பார்த்தேன். நாள் முழுதும் மலைச்சரிவில் நின்றுவிட்டு வந்தவர், எனக்காகக் கூட்டிய தரை அது.

மாறிப்போவதற்கு என் பெயரையே கொடுத்தேன். போதகர் அதைப் பெருந்தன்மை என்றார். பிரிஞ்சாங்கிலும் எனக்கு நல்ல கோப்பைதான் கிடைக்கிறது. லில்லியை நினைத்தால் நெஞ்சு இன்னும் எரிகிறது. ஆனால் சரசக்கா இப்போது மாலையில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்.